புது மேண்டில் கட்டும்போது

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கு வாங்குபவர்களே, மேண்டிலில், அதாவது சுடரில் ஒளிவிடும் வலைத்துணிப் பையில் மட்டும் அவசரம் வேண்டாம். விளக்கினுள் வாயு வெளிவரும் பீங்கான் மூக்கின் பள்ளத்தில் நூலை இறுக்கிக் கட்டி, சுருக்கங்களைச் சுற்றிலும் சமமாகப் பரப்புங்கள். ஒரு பக்கம் குவிந்தால் உருண்டை கோணிப்போகும். விளக்கைச் சூடாக்க எரிக்கும் ஸ்பிரிட்டின் சூட்டில் வலைத்துணி கருகிச் சாம்பலாகும். அப்போது மெல்லப் பம்ப் அடித்தால் பலூன் மாதிரி உப்பும். அந்த முதல் சூட்டில் பிடித்த வடிவம்தான் கடைசிவரை! எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் அது. பிறகு விரல் பட்டாலே உதிர்ந்துவிடும். ஓட்டை விழுந்தால் உடனே மாற்றுங்கள், அதன்வழி பாயும் தீ கண்ணாடியை உடைத்துவிடும்.

பழைய வகை மேண்டிலில் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. தோரியத்துக்கு லேசான கதிரியக்கம் உண்டு. வெளியே வைத்து எரியவிடுங்கள், சாம்பலை ஊதாதீர்கள், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் பக்கம் நல்ல மேண்டில் எந்தக் கடையில் கிடைக்கிறது? தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்களேன்.