சப்பாத்துப் பெட்டிக்குள்ள சோளன் முளை

நவம்பர் 3
தங்கச்சிக்கு ஏஎல் பயோவுல தாவர ஓமோன் பாடம், புத்தகத்த அப்பிடியே பாடமாக்கிட்டுக் கிடக்கிறா. மழை விடுறதாயில்ல, சும்மா இரிக்காம செஞ்சே பாப்பம் எண்டு சோளன் ஊறப்போட்டம்.

நவம்பர் 7
முளை வந்திட்டு. பெட்டியில எழுவான் பக்கமா ஒரு ஓட்டை, சில முளைக்கு நுனியில வெள்ளித்தாள் தொப்பி, சிலதுக்கு நுனிய விட்டுட்டு கீழ மட்டும் சுத்தினம், மிச்சத்துக்கு ஒண்டுமில்ல. சார்ல்ஸ் டார்வினும் மகன் பிரான்சிசும் புல்லு முளையில செஞ்சு 1880ல எழுதின வேலைதான் இது.

நவம்பர் 8
தொப்பி போட்டது நேரா நிக்கிது, மத்ததெல்லாம் ஓட்டைப் பக்கம் சாஞ்சிட்டு. வெளிச்சத்த உணருறது நுனி, வளையிறது அதுக்குக் கீழ, அப்ப நுனியில இருந்து ஏதோ ஒண்டு இறங்கணுமே, அதுதான் ஆக்சின் எண்ட வளர்ச்சி ஓமோன். 1926ல ஒல்லாந்துல வென்ட் எண்ட ஆய்வாளர், ஓட்ஸ் முளை நுனிய வெட்டி ஏகார் எண்ட ஜெலித் துண்டுல வச்சு, மறுகா நுனிய எறிஞ்சிட்டு அந்த ஏகாரை நுனியில்லாத முளையில ஒரு ஓரமா வச்சார், இருட்டுக்குள்ளயே முளை மத்தப் பக்கம் வளைஞ்சிட்டு.

"அக்கா, வெளிச்சம் பட்ட பக்கம் ஆக்சின் அழியிறதாலதானே வளையிது?" எண்டு கேட்டா. கனபேர் இப்பிடித்தான் எழுதுறாங்க, எனக்கு எரிச்சலா வாற இடமே இதுதான். 1957ல பிரிக்ஸ் எண்ட ஆய்வாளரும் அவர்ர ஆக்களும் சோளன்லயே அளந்தாங்க, இருட்டுல வச்ச நுனியும் வெளிச்சத்துல வச்ச நுனியும் விட்ட மொத்த ஆக்சின் கிட்டத்தட்ட ஒரே அளவு. நுனிய நடுவால மெல்லிய தகடு வச்சு முழுசாப் பிரிச்சா ரெண்டு பக்கமும் சமன், உச்சியில மட்டும் பிரிக்காம விட்டா நிழல் பக்கம் கூட. அழியல்ல, பக்கம் மாறுது, கூடிப்போன பக்கத்துக் கலங்கள் கூட நீளுது.

நவம்பர் 10
முளைய கிடையாப் போட்டம். குருத்து மேல ஒழும்பிட்டு, வேர் கீழ போயிட்டு. ரெண்டுலயும் ஆக்சின் கூடச் சேர்றது கீழ்ப்பக்கம்தான், ஆனா தண்ட நீள வைக்கிற அளவு வேருக்கு மிச்சம் கூட, அங்க வளர்ச்சி மட்டுப்படும். இத விளங்கப்படுத்த ராவு வரைக்கும் போச்சு. தண்டுல நுனியில இருந்து அடிக்குத்தான் போகும், திருப்பி வராது, பின் (PIN) எண்ட புரதங்கள் கலத்துட அடிப்பக்கத்துல இருந்து வெளிய தள்ளுறதால. வேகம் மணிக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவு.

நவம்பர் 13
படுவான்கரையில இருந்து மாமா வந்தார், வேளாண்மைக்கு களை எண்ணெய் அடிக்கிற யோசனையோட. அந்த எம்சிபிஏ எண்ட களைநாசினியும் ஆக்சின் மாதிரிச் சாமான்தான் எண்டன்.
"அப்ப நெல்லு ஏன் புள்ள சாகல்ல?"
நெல்லுக்குள்ள அது பரவுறதும் குறைவு, நெல்லு அத வேலைசெய்யாததா மாத்திப்போடவும் செய்யும், அகண்ட இலைக் களையில எண்டா எல்லா இடமும் போய் கண்டபடி வளர வச்சு முறுக்கிச் சாக்காட்டும் எண்டு சொன்னன்.
"அப்ப நெற்சப்பிக் களை அசையாம நிக்கிறதும் இதாலதானா?"
ஓம் மாமா, அதுவும் புல்லுச் சாதிதானே, அதுக்கு வேற எண்ணெய்தான் வாங்கணும்.