பேச முடியாத பிள்ளைக்குப் பல்வலி வந்தால்

மூளை முடக்குவாதம் (மூளை பாதிப்பால் உடல் அசைவு கட்டுக்குள் வராத நிலை, செரிப்ரல் பால்சி) உள்ள பிள்ளைக்கு மயக்கம் கொடுத்துப் பல் வைத்தியம் பார்க்கலாமா, பயமில்லையா என்று எங்கள் தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்துத் தாய்மார் கேட்கிறார்கள். எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன்.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. பேச்சு இல்லை, பிடித்துக்கொண்டால் உட்காருவாள். சில மாதங்களாக ராத்திரித் தூக்கம் போய்விட்டது. சோற்றை வாயருகே கொண்டு போனால் முகத்தைத் திருப்புவாள், தன் கையாலேயே கன்னத்தில் அடித்துக்கொள்வாள். "இந்தப் பிள்ளைக்கு எப்பவும் உள்ள அழுகைதானே" என்றார்கள் சொந்தக்காரர்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பசிக்கு ஒரு அழுகை, மலச்சிக்கலுக்கு ஒரு அழுகை என்று அவளிடம் உண்டு. இது இரண்டும் இல்லை. பிசியோதெரபி செய்ய வருகிற பெண்தான் டார்ச் அடித்துப் பார்த்து, கடைவாய்ப் பல்லில் ஓட்டை இருக்கிறது, ஈறும் வீங்கியிருக்கிறது என்று சொன்னாள்.

முதலில் பக்கத்திலேயே ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். நாற்காலியில் சாய்த்ததும் அவள் உடம்பு விறைத்துக்கொண்டது. சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டதும் கடித்துவிட்டாள். அது அடம் இல்லை. இந்தப் பிள்ளைகளில் பலருக்கு வாய்க்குள் ஏதாவது பட்டால் தாடை தானாக இறுகிக்கொள்ளும். "இங்கே பார்க்க முடியாதும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். எங்கே போக வேண்டும் என்றாவது ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அப்புறம் மதுரை. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுபோயிருந்த காலம் அது. பஸ்ஸில் ராமநாதபுரம் போய், அங்கிருந்து ரயில். ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருந்தது. நீங்களும் கேட்கும்போது "குழந்தைகள் பல் பிரிவு" என்றே கேளுங்கள்.

அங்கிருந்த மருத்துவர் பல்லைப் பார்க்கும் முன் வீட்டைப் பற்றிக் கேட்டார். பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்குகிறாள், எதைச் சாப்பிட மறுக்கிறாள், சிரித்து எவ்வளவு நாளாகிறது, நான் வேலைக்குப் போக முடிகிறதா. கடலில் பாசி எடுக்கப் போவதையே நிறுத்திவிட்டேன் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். பிறகு என் முழங்காலும் அவர் முழங்காலும் முட்டும்படி எதிரெதிரே உட்கார்ந்து, பிள்ளையின் தலை அவர் மடியில் வரும்படி கிடத்தினோம். அவள் கண் என் முகத்தைப் பார்த்தபடி இருந்தது. விறைக்கவில்லை.

வலிப்புக்குக் கொடுக்கும் சிரப் இனிப்பானது, ராத்திரி கொடுத்துவிட்டு அப்படியே தூங்க வைத்தால் பல் அதில் ஊறிக் கிடக்கும் என்றார். கருப்பட்டிப் பாலும் பல்லுக்குச் சர்க்கரைதான். சோறு கன்னத்து ஓரத்தில் தங்குவது, வாயால் மூச்சு விடுவது எல்லாம் சேர்ந்துகொள்கிறது. ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்து ஈறைத் தடிக்க வைக்கும் என்பதால் மருந்துச் சீட்டையும் பார்த்தார். வலிப்பு மருந்தை நாமாக நிறுத்தவே கூடாது, நரம்பு மருத்துவர்தான் மாற்ற வேண்டும்.

மயக்கம் கொடுத்து ஒரே நேரத்தில் எல்லாப் பல்லையும் முடிப்பது என்று முடிவானது. ரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, குழந்தை மருத்துவரின் ஒப்புதல், நரம்பு மருத்துவரின் கடிதம் எல்லாம் வேண்டும். சளி பிடித்ததால் ஒருமுறை தள்ளிப் போட்டார்கள். அலுப்பாக இருந்தாலும் அது சரியான முடிவு. எச்சிலையே விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு நுரையீரல்தான் பெரிய பயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வீட்டுக்காரர் கூட இருக்கும்படி தேதி வாங்கினோம். ஆறு மணி நேரத்துக்கு முன்பே சோறு, பால் நிறுத்தச் சொன்னார்கள். வலிப்பு மருந்தை மட்டும் அவர்கள் சொன்ன நேரத்தில், சொன்ன அளவு தண்ணீரில் கொடுத்தேன். சில பற்களை அடைத்து, சிலவற்றுக்கு ஸ்டீல் கேப் போட்டு, காப்பாற்ற முடியாததைப் பிடுங்கி, சொத்தையைத் தடுக்கும் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசி அனுப்பினார்கள்.

கொஞ்ச நாளில் தூக்கம் வந்தது. முள் எடுத்துப் பிசைந்த மீன் சோற்றுக்கு வாயைத் திறந்தாள். அப்பாவைப் பார்த்துச் சத்தம் போட்டுச் சிரித்தாள். எச்சில் வழிவது நிற்கவில்லை. அது எச்சில் அதிகம் சுரப்பதால் அல்ல, விழுங்கும் தசை ஒத்துழைக்காததால். பல்லை நறநறவென்று கடிப்பதும் இருக்கிறது. ஆனால் வலி போய்விட்டது. அதற்காக எத்தனை தூரமும் போகலாம்.

இப்போது வீட்டில் நான் பின்னால் உட்கார்ந்து, அவள் தலையை என் நெஞ்சில் லேசாகச் சாய்த்து நிமிர்த்தித்தான் தேய்க்கிறேன். முழுக்கப் படுக்க வைத்தால் புரையேறும். முதலில் கன்னத்தைத் தடவி, உதட்டைத் தொட்டு, அப்புறம்தான் பிரஷ். துப்பத் தெரியாததால் ஃப்ளோரைடு பேஸ்ட் அரிசியளவுதான் வைக்கச் சொன்னார்கள். மீதியை ஈரத் துணியால் துடைத்துவிடுவேன். பற்களுக்கு நடுவே விரலை மட்டும் விடாதீர்கள். சிரப் கொடுத்தாலும் வாயைத் துடைத்துவிடுங்கள்.

பணத்துக்கு ஒரு வழி உண்டு. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த, மத்திய அரசின் தேசிய அறக்கட்டளையின் 'நிரமயா' காப்பீட்டில் மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவைத் திரும்பப் பெறலாம். முன்கூட்டியே சேர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பில்லிலும் பிள்ளையின் பெயர் மாற்றுத்திறனாளி அட்டையில் உள்ளபடியே இருக்கிறதா என்று பார்த்து வாங்கி வையுங்கள்.