கோட்டை என்றால் மான் நிற்கும் இடம்

திருகோணமலையில் வளர்ந்த பிள்ளைக்குக் கோட்டை என்றால் ஒன்றுதான், பிரெட்றிக் கோட்டை. வாசலைத் தாண்டினால் புள்ளிமான்கள் நிற்கும், மேலே ஏறினால் கோணேசர் கோயில். ஏழு வயதில் அப்பா என்னை முதன்முதலாகக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். "கோட்டையில இறங்கவேணும், நித்திரையாகிப் போகாதே பிள்ளை" என்றார். அங்கேயும் மான் நிற்கும் என்று நினைத்து இரவு முழுக்க விழித்திருந்தேன். விடியுமுன் இறங்கிப் பார்த்தால் மானும் இல்லை, மதிலும் இல்லை. தலைக்கு மேலே பெரிய கூரை, எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்டவாளம்.

அந்த நிலையம் கோட்டைக்குள்ளேயே இல்லை என்பது வளர்ந்த பிறகுதான் விளங்கியது. அது நிற்பது புறக்கோட்டையில். கோட்டைக்குப் புறத்தே உள்ள இடம் என்று தமிழ்ப் பெயரே சொல்கிறது, ஆனால் அங்கே நிற்கும் நிலையத்துக்குப் பெயர் கொழும்புக் கோட்டை. போதாக்குறைக்கு நாட்டின் சட்டப்படியான தலைநகர் ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டை. அது வேறு இடம்.

இலங்கையில் ரயில் ஓடத் தொடங்கியது 1864இல், கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை, 54 கிலோமீற்றர். மலையில் விளைந்த கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கத்தான் அந்தப் பாதை. 1867இல் அது கண்டியை எட்டியது. இப்போது நாம் இறங்கி ஏறும் கோட்டை நிலையம் 1917இல் திறக்கப்பட்டது. எங்கள் ஊருக்குத் தண்டவாளம் வந்ததோ அதற்கும் பத்து ஆண்டு கழித்து, 1927இல்.

வட இலங்கைக்கும் கிழக்குக்கும் மலைநாட்டுக்கும் தெற்குக்கும் போகும் வண்டிகள் எல்லாம் இங்கே கூடுகின்றன. காங்கேசன்துறை, தலைமன்னார், மட்டக்களப்பு, பதுளை, கடலோரமாக மாத்தறை, பெலியத்த. ஒரு காலத்தில் இங்கே ஏறித் தலைமன்னாரில் கப்பல் மாறி, தனுஷ்கோடியில் மறுபடி ரயில் பிடித்து மதராஸ் போகலாம். போட் மெயில் என்பார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதே புயல்தான் திருகோணமலையையும் போட்டு அடித்தது. அம்மம்மா அதைச் சொல்லும்போதெல்லாம் கூரை பறந்த கதையில்தான் தொடங்குவார். அந்த இரவு தனுஷ்கோடி வழியாக இந்தியாவுக்குப் போகும் பாதையையும் சேர்த்து அறுத்தது என்பதை நான் பிறகுதான் கோத்துப் பார்த்தேன்.

இப்போது அம்மாவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறேன். இரவு மெயிலில்தான். பஸ்ஸில் அவருக்குக் கால் வீங்கிவிடும். கல்ஓயாவில் மட்டக்களப்புப் பாதை வந்து சேரும், மாகோவில் வடக்குப் பாதை, பொல்காவலையில் கண்டிப் பாதை. வாய்க்கால்கள் குளத்தில் விழுவதுபோல எல்லாம் கோட்டையில் வந்து விழுகின்றன. கொழும்பில் இருக்கும் சித்திக்குக் கிண்ணியாத் தயிர்ச்சட்டி ஒன்று கட்டாயம். சட்டியின் வாயை எண்ணெய்த்தாளால் மூடி, சணல் கயிற்றால் நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, அம்மா மடியிலேயே வைத்துக்கொள்வார். வண்டி குலுங்கும்போது ஒரு கை தானாகச் சட்டியின் அடியில் போகும், நித்திரையிலும்.

இறங்கியதும் நாங்கள் அவசரப்படுவதில்லை. மேடை வாங்கில் இருந்து தேநீர் குடித்து, வெளிச்சம் வந்த பிறகுதான் வெளியே போவோம். வாசலில் ஒல்கொட் சிலை நிற்கிறது. பௌத்தக் கல்விக்காக 1880இல் இலங்கை வந்த அமெரிக்கர். அவர் பெயர்தான் அந்த வீதிக்கும். அப்பா அந்தச் சிலையடியில் என்னை நிறுத்தி, தடித்த மட்டை டிக்கெட்டைக் கையில் தந்து, "துலைச்சுப் போடாதே, வாசல்ல கேப்பினம்" என்றார். திகதி அழுந்திய பள்ளத்தை விரலால் தடவிக்கொண்டே நின்றது நினைவிருக்கிறது.

திரும்பும் இரவு எனக்கு இன்னும் பிடிக்கும். சனம் நெரியும். சிங்களத்தில் அறிவிப்பு வரும், பிறகு தமிழில். மாகோ, கல்ஓயா, கந்தளாய் என்று பெயர்கள் வரிசையாக வரும்போது அம்மா பேச்சை நிறுத்திவிடுவார். சீனக்குடா என்ற பெயர் காதில் விழுந்ததும் வெறும் சட்டியைப் பைக்குள் வைத்துவிட்டு எழும்புவார்.