கடைமடையிலிருந்து வந்த மாணவி

சிவில், வேளாண்மை மாணவர்களுக்குப் பாசனத்தைச் சொல்லித்தரும் ஒரு விளையாட்டைத் தஞ்சாவூரில் எங்கள் குழு உருவாக்கி வருகிறது. ஜூன் 12, மேட்டூர் திறப்பில் ஆட்டம் தொடங்கும். வந்த தண்ணீரைக் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பங்கிட்டு, உபரியைக் கொள்ளிடத்தில் விட்டு, குறுவையையும் சம்பாவையும் கரைசேர்க்க வேண்டும்.

மென்பொருளைச் சிறுசிறு சுற்றுகளாக உருவாக்கும் ஸ்க்ரம் முறைதான், இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட், அதாவது ஒரு சுற்று. பாடம் நடத்தும் பேராசிரியர்தான் எதை முதலில் செய்வது என்று முடிவுசெய்யும் புராடக்ட் ஓனர். ஆனால் விளையாடப்போவது மாணவர்கள். அதனால் சுற்றின் முடிவில் செய்ததைக் காட்டிக் கருத்துக் கேட்கும் ஸ்பிரிண்ட் ரிவ்யூவை அவர்களுடைய மதிய லேப் வகுப்பிலேயே வைத்துக்கொண்டோம்.

அப்படி ஒரு மதியம், திருத்துறைப்பூண்டிப் பக்கத்து மாணவி ஒருவர் வெண்ணாற்று மதகை முழுக்கத் திறந்தார். நீலக் கோடு விறுவிறுவென்று ஓடி மறுநொடியே பாசனத்தின் கடைக்கோடியான கடைமடை வயலைத் தொட்டது, மதிப்பெண்ணும் ஏறியது. அவர் போனை மேஜையில் வைத்துவிட்டார். “எங்க ஊருக்கு இப்படி வராதுண்ணா. கல்லணை திறந்தாச்சுன்னு பேப்பர்ல வந்து எத்தனையோ நாள் கழிச்சுத்தான் வாய்க்கால்ல ஈரமே தெரியும். அதுவும் முறை வெச்சுத்தான் விடுவாங்க.”

பேராசிரியர் உடனே தலையாட்டினார். அடுத்த ஸ்பிரிண்டுக்கு வைத்திருந்த லீடர்போர்டு, அதாவது யார் முன்னிலை என்று காட்டும் பட்டியல், கீழே போனது. தண்ணீர் போய்ச்சேரும் தாமதமும் முறைப்பாசனமும் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலான பேக்லாக்கின் உச்சிக்கு வந்தன. மென்பொருள் உருவாக்கம் பற்றி 2001இல் 17 பேர் சேர்ந்து எழுதிய அஜைல் அறிக்கை, திட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதே மேல் என்கிறது. கல்வி விளையாட்டுக்கு அந்த ஒரு வரி உயிர்நாடி என்பது என் உறுதியான எண்ணம். மாணவரின் கைக்குப் போகும்வரை பாடத்தில் எது பொய்யாக இருக்கிறது என்பது குழுவுக்குத் தெரிவதில்லை.

அதன்பின் ஒரு வேலை ‘முடிந்தது’ என்பதற்கான எங்கள் வரையறையும் மாறியது. ஜெயித்தால் மட்டும் போதாது. தலைமடை நிரம்பியும் கடைமடை ஏன் காய்ந்தது என்று விளையாடிய மாணவர் தம் சொந்தச் சொல்லில் விளக்க வேண்டும். அப்போதுதான் எங்கள் வேலைப் பலகையில் அந்த வேலைக்கான கார்டு ‘முடிந்தது’ பக்கம் நகரும். இதனால் வேகம் குறைகிறது, குறையட்டும். தேர்வு நாட்களில் விளையாட ஆள் கிடைக்காது. அப்போது பிழைதிருத்தம் மட்டும் செய்வோம். புதிதாக எதையும் சேர்ப்பதில்லை.

இப்போது கையில் இருப்பது வடிகால். வடகிழக்குப் பருவமழையில் சம்பாப் பயிர் மூழ்குவதைக் காட்டாமல் டெல்டாவின் பாசனப் பாடம் நிறைவு பெறாது. முதல் வடிவத்தை நாகப்பட்டினம் பக்கத்து மாணவர்களிடம் கொடுக்கும்படி பேராசிரியரிடம் கேட்டிருக்கிறோம்.