முகத்துக்குப் பின்னால் எரியும் ஊர்

நுவார் (இருளும் குற்றமும் நிறைந்த பழைய ஹாலிவுட் படவகை) மாதிரி ஒரு காட்சி வேண்டும் என்று சொன்ன உடனே லைட் யூனிட்டில் பிளைண்ட்ஸ் (பட்டை பட்டையான ஜன்னல் மறைப்பு), புகை மெஷின், தெருவை நனைக்கத் தண்ணீர் லாரி மூன்றையும் தேட ஆரம்பிப்பார்கள். அது 1940-களின் ஹாலிவுட் பழக்கம். அதிலும் பாதிப் பேர் பிளைண்ட்ஸில் கோட்டை விடுவார்கள். நிழல் கூர்மையாக விழ விளக்கு தூரத்திலும் பிளைண்ட்ஸ் சுவரை ஒட்டியும் இருக்க வேண்டும். ஃப்ரெனல் விளக்கை (முன்னால் லென்ஸ் உள்ள விளக்கு) ஸ்பாட்டில் குவித்து வைக்காமல் முழு ஃப்ளட்டில் விரித்து வைத்தால்தான் கோடு வெட்டினாற்போல் வரும். பெரிய எல்இடி பேனலைக் கட்டினால் சுவரில் சாம்பல் நிறத் திட்டுதான் மிஞ்சும்.

மைக்கேல் மான் 2004-இல் எடுத்த 'கொலாட்டரல்' இந்தச் சாமான்கள் எதையும் நம்பவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் ஓர் இரவு, ஒரு டாக்ஸி, பின் சீட்டில் ஒரு கூலிக்கொலையாளி. தற்செயலாக மாட்டிக்கொண்டவனின் கதை என்பதால் எலும்பு பழைய நுவார்தான். ஒளிப்பதிவாளர்கள் டியான் பீபியும் பால் கேமரோனும் படத்தின் பெரும்பகுதியை வைப்பர் டிஜிட்டல் கேமராவில் எடுத்தார்கள். ஃபிலிமில் மையாகக் கறுத்துவிடும் இரவு வானம் அதில் சோடியம் தெருவிளக்கின் செம்பழுப்போடு பதிந்தது. பழைய நுவாரில் பின்னணி இருட்டாக இருக்கும், முகத்தில் வெளிச்சம் வெட்டி விழும். இங்கே ஊர் மினுங்குகிறது, முகம் இருட்டில் கிடக்கிறது.

இதைச் செய்து பார்க்கக் கணக்கு வேண்டும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 800, லென்ஸ் துளை எஃப் 2, ஷட்டர் 1/50 என்றால் முழு எக்ஸ்போஷருக்குச் சுமார் 60 லக்ஸ் வெளிச்சம் தேவை. தெருவிளக்கில் முகத்துக்கு 15 லக்ஸ் கிடைத்தால் இரண்டு ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). அந்தக் குறைவை அப்படியே விட்டுவிடுவதுதான் கஷ்டம். மானிட்டரைப் பார்த்து யாராவது "முகம் தெரியலையே" என்பார்கள், உடனே ஒரு விளக்கு உள்ளே வந்துவிடும். காருக்குள் அது இன்னும் ஆபத்து. உள்ளே ஒளி ஏறினால் ஜன்னல் கண்ணாடி கறுத்து அதற்கு வெளியே இருக்கும் ஊர் காணாமல் போகும். அந்த டாக்ஸிக்குள் மெல்லிய எலக்ட்ரோலூமினசென்ட் தகடுகளை (மின்சாரம் பாய்ந்தால் பரப்பு முழுதும் ஒளிர்பவை) ஒட்டித்தான் சமாளித்தார்கள். இன்றைக்குச் சின்ன எல்இடி போதும், ஆனால் டிம்மரில் ஒரு சதவீதத்துக்கு இறக்கினால் சில விளக்குகள் துடிக்கும், நிறமும் பச்சைக்குச் சாயும். பாதி அளவில் எரியவிட்டு முன்னால் என்டி ஜெல்லை (நிறம் மாற்றாமல் ஒளியைக் குறைக்கும் தாள்) மடித்துப் போடுவது உத்தமம்.

படத்தின் கடைசிப் பகுதியில் மின்சாரம் துண்டிக்கப்பட்ட அலுவலகத் தளம் வருகிறது. கண்ணாடிச் சுவர்களுக்கு அப்பால் நகர விளக்குகள், அதன் முன் நிழலுருவாக நகரும் மனிதர்கள். எது ஆள், எது பிரதிபலிப்பு என்று பிரிக்க முடியாது. அந்த மாதிரி இடத்தில் பிரதிபலிப்பை வெட்டலாமே என்று போலரைசர் ஃபில்டர் போட்டால் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் போய்விடும். இரவில் அது கட்டுப்படியாகாது. கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டி, படக்குழு ஆட்களையும் கறுப்புச் சட்டையில் நிறுத்துவதுதான் வழி.

கொலையாளிக்குச் சாம்பல் நிற சூட், நரைத்த தலை. ஸ்டைலுக்காக என்று பலர் நினைக்கிறார்கள். எந்தத் தெருவிளக்கின் நிறமும் அதன்மேல் ஏறும் என்பதே பெரிய லாபம். நிஜ சோடியத்தில் சிவப்பும் நீலமும் அழுக்குப் பழுப்பாகிவிடும். எல்இடி விளக்கில் சோடியம் என்று பிரீசெட் வைத்தாலோ உடையின் நிறங்கள் உயிரோடு நிற்கும், பார்த்ததும் பொய் தெரிந்துவிடும். 2009 முதல் லாஸ் ஏஞ்சலிஸே எல்இடிக்கு மாறியதால் அந்த இரவை அங்கேயே போய் எடுத்தாலும் இனி கிடைக்காது. உடையில் சாம்பல், பழுப்பு என்று அடக்கிக்கொண்டால் டிஐ-யில் (எடுத்த பிறகு நிறம் திருத்தும் கட்டம்) வேலை பாதியாகும்.

டிஐ என்றதும் இன்னொன்று. அண்டர் எக்ஸ்போஸ் செய்து, அதாவது ஒளி குறைவாக எடுத்து, பிறகு தூக்கினால் நிழலெல்லாம் நாய்ஸ் (புள்ளிப் புள்ளியான இரைச்சல்) கொதிக்கும். நினைத்த இருட்டைவிட ஒரு ஸ்டாப் கூடுதலாக எடுத்துக் கீழே இறக்குங்கள். ஓடிடியில் இருட்டு வானம் பட்டை பட்டையாக உடையும் என்பதால் கடைசியில் கொஞ்சம் கிரெயின் (ஃபிலிமில் தெரிவது போன்ற துகள்) தூவுவது வழக்கம். 'கொலாட்டரல்' நாய்ஸை மறைக்கவே இல்லை. அந்த வானத்தில் அது புழுதி மாதிரி நிற்கிறது.