சேலத்தின் பதில்கள்

2009 டிசம்பர். ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கும் நேரம். நான் வேலை பார்த்த சேலம் அலுவலகத்துக்கு ஓர் எஸ்டேட்டிலிருந்து போன் வந்தது. பேசியவர் அங்கே பல வருடமாகக் கணக்கு எழுதுகிறவர்.

"தம்பி, இங்க கம்ப்யூட்டர்ல ஆள் பேரெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. வள்ளின்னு ஒரு அம்மா, வல்லின்னு ஒரு அம்மா. ரெண்டும் ஒண்ணாத்தான் வருது. போன வாரம் ஒருத்தர் கூலி இன்னொருத்தர் பேர்ல ஏறிப்போச்சு. தமிழ்ல எழுத ஒரு வழி பண்ணுங்க."

பறித்த பழத்தின் எடையைப் பார்த்துக் கூலி போடும் இடத்தில் இது சின்னப் பிழை இல்லை. பெயர், தேதி, கிலோ என்று வரிவரியாகத் தட்டிய டெக்ஸ்ட் கோப்புதான் அவர்கள் பதிவேடு. வேலை எளிதாகவே தெரிந்தது. டெக்ஸ்ட் கோப்புகளை எழுதித் திருத்த உதவும் விம் என்ற எடிட்டரின் சோர்ஸ் கோடை, அதாவது மூல நிரலை, எடுத்தேன். அப்போதைய 7.2 பதிப்பில் தமிழ்போல ஓர் எழுத்துக்கே பல பைட் பிடிக்கும் மொழிகளுக்கான 'பல பைட்' வசதி தானாகச் சேராது. கம்பைல் செய்யும் முன் ஓட்டுகிற கான்ஃபிகர் கட்டளையில் கேட்டு வாங்க வேண்டும். எல்லா மொழி எழுத்துகளையும் எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'வள்ளி' என்று எழுதவே 15 பைட் பிடிக்கும். அவற்றைச் சேர்த்துப் பார்க்கத் தெரியாத எடிட்டர் பதினைந்தையும் தனித்தனி எண்களாகக் கக்கும். கேட்டு வாங்கினேன், எங்கள் லினக்ஸ் கணினியில் கம்பைல் செய்து ஓடும் நிரலாக்கினேன், தமிழில் தட்டிப் பார்த்தேன். அப்புறம் முழு அடைவையும் (ஃபோல்டரையும்) டார் என்ற ஒரே கோப்பாகக் கட்டி பென் டிரைவில் போட்டுக்கொண்டு மறுநாள் காலை பஸ் ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி இறங்கும்போது நல்ல பனி.

அங்கே இருந்தது லினக்ஸ் இல்லை, ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறோர் இயங்குதளம். போனில் நான் அதைக் கேட்கவில்லை. டெர்மினல் ஒரே மாதிரி இருந்ததால் உள்ளே போன பிறகும் உடனே தெரியவில்லை. டாரைப் பிரித்து, கம்பைல் வேலையை நடத்தும் மேக் கட்டளையைத் தட்டினேன். ஒரு கோப்பையும் கம்பைல் செய்யாமல், எல்லாம் முடிந்திருக்கிறது என்று அது நின்றுகொண்டது. விம்மை ஓட்டினால், ஈஎல்எஃப் பைனரி வகை "0" தெரியாது என்று ஒரு வரி, அதாவது இது இந்த இயங்குதளத்துக்குக் கட்டிய நிரல் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான், இயங்குதளத்தின் பெயரைச் சொல்லும் யூநேம் கட்டளையை அடித்துப் பார்த்தேன்.

சரி, சேலத்தில் கம்பைல் ஆகி வந்த பழைய ஆப்ஜெக்ட் கோப்புகள்தான் தொல்லை என்று, அவற்றைத் துடைக்க மேக் கிளீன் கொடுத்து மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை கம்பைல் ஓடியது, ஆனால் லினக்ஸில் மட்டுமே இருக்கும் ஒரு ஹெடர் கோப்பைத் தேடி, கிடைக்காமல் பாதியில் நின்றது. ஃப்ரீபிஎஸ்டியில் இல்லாததை இது ஏன் கேட்கிறது? ஆட்டோ என்ற அடைவுக்குள் போய் கான்ஃபிக்.ஹெச் கோப்பைத் திறந்தேன். வரிவரியாக 'இருக்கிறது', 'இருக்கிறது'. அத்தனையும் சேலத்துக் கணினி சொன்ன பதில்கள்.

கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்று மூன்று கட்டளையை மந்திரம்போல மனப்பாடம் செய்துதான் நாங்கள் எல்லோரும் இந்தத் தொழிலுக்கு வந்தோம். முதல் கட்டளை என்ன செய்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு. கான்ஃபிகர் எதையும் கட்டுவதில்லை, விசாரிக்கிறது. நான்கைந்து வரியில் ஒரு சி நிரல் எழுதி, அங்கேயே கம்பைல் செய்து ஓட்டிப் பார்த்து, வந்த பதிலைக் குறித்துக்கொள்கிறது. இண்ட் எத்தனை பைட்? திரையைக் கையாளும் டிஜெட்எண்ட் எந்த லைப்ரரியில் இருக்கிறது? நினைவகத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் பகுதிகளை மெம்மூவ் ஒழுங்காக நகர்த்துகிறதா? இப்படி வரிசையாக. கேட்ட பதில்கள் சில கேஷ் கோப்பிலும் ஏறிக்கொள்ளும், அடுத்த முறை கேட்காமலே எடுத்துக்கொள்ள. மேக் கிளீன் ஆப்ஜெக்ட் கோப்புகளைத்தான் துடைக்கும், பதில்களைத் தொடாது. அதற்கு டிஸ்ட்கிளீன் வேண்டும்.

டிஸ்ட்கிளீன் கொடுத்தேன். நிர்வாகிக்கான ரூட் கடவுச்சொல் அங்கே யாரிடமும் இல்லை, அதனால் நிறுவும் இடத்தைச் சொல்லும் பிரிஃபிக்ஸை ஹோம் அடைவுக்கே வைத்து, பல பைட் வசதியையும் கேட்டு, கான்ஃபிகரைப் புதிதாக ஓடவிட்டேன். அன்றைக்குத்தான் அது திரையில் எழுதிய ஒவ்வொரு கேள்வியையும் உட்கார்ந்து படித்தேன். கீழே இறங்கிப்போய் எதுவும் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. சி கம்பைலரும், திரையைக் கையாளும் என்கர்சஸ் லைப்ரரியும் ஃப்ரீபிஎஸ்டியின் அடிப்படை நிறுவலிலேயே இருந்தன. விம்முக்கு முன்னோடியான வி எடிட்டரை பில் ஜாய் 1976இல் எழுதத் தொடங்கிய பெர்க்லி பல்கலைக்கழகத்தின் வழியில் வந்த அமைப்பு ஃப்ரீபிஎஸ்டி. அங்கே இருந்த வி அப்போது யூடிஎஃப்-8 அறியாது, 1991இல் அமிகா கணினிக்கென்று பிராம் மூலனார் வெளியிட்ட விம் அறிந்திருந்தது.

ஒரே சோர்ஸை இரண்டு வகைக் கணினிக்குக் கட்ட வேண்டியவர்களுக்கு மேக் கட்டளை படிக்கும் விம்மின் மேக்ஃபைலிலேயே வழி இருக்கிறது. மேக் ஷேடோ என்றால் சோர்ஸ் கோப்புகளுக்கு இணைப்பு மட்டும் வைத்துத் தனி அடைவு ஒன்றை உண்டாக்கும். ஒவ்வொரு கணினியின் பதிலும் அதனதன் அடைவில் தங்கும். விம்முடன் வரும் இன்ஸ்டால் என்ற குறிப்புக் கோப்பில் எழுதியிருந்ததை அன்று மாலை டீ குடித்துக்கொண்டே படித்தேன். அதன்பிறகு கான்ஃபிகர் ஆன அடைவை நான் எங்கும் தூக்கிப்போனதில்லை. புது இடத்துக்குப் போகும் முன் போனிலேயே யூநேம் அடிக்கச் சொல்லி வாசிக்கக் கேட்டுவிடுவேன்.

விம் திறந்ததும் கணக்கர் திரையின் பக்கம் குனிந்தார். உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று நடுவில் ஒரு வரி.

"இது என்ன தம்பி?"

"இத எழுதினவர் காசு கேக்கலைங்கய்யா. பிடிச்சா அந்தக் குழந்தைகளுக்கு ஏதாவது குடுங்கன்னு கேட்டிருக்கார்."

"அட" என்றார். கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்தார். பிறகு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, இரண்டு வரி தட்டினார். டெர்மினலில் எழுத்துகள் கொஞ்சம் தள்ளித் தள்ளித்தான் விழுந்தன. ஆனால் மேல் வரியில் ள, கீழ் வரியில் ல, தெளிவாக. சேமித்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தார். இருந்தது. அந்த வாரக் கிலோ கணக்கைக் கையெழுத்து நோட்டிலிருந்து எடுத்து, முதலில் அந்த இரண்டு பேருக்கும் போட ஆரம்பித்தார்.