ஒன்பதாவது மாடியில் முளைக்கீரை: 71 நாள் பதிவு

மார்ச் தொடக்கத்தில் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்தில் மண்ணில்லாமல் கீரை வளர்க்கத் தொடங்கினேன். இன்றோடு 71 நாள். மூன்று பெட்டிகளில் முதலாவது முழுக்க அழுகிவிட்டது. இரண்டாவது பாதி பிழைத்தது. மூன்றாவதிலிருந்து வாரம் ஒருமுறை பருப்புக்குக் கீரை கிள்ளுகிறோம். முதல் மாதம் முழுக்க உரத்தை அளப்பதிலேயே குறியாக இருந்தேன். தண்ணீரின் சூட்டை யாராவது அப்போதே கவனிக்கச் சொல்லியிருந்தால் ஒரு பெட்டிக் கீரை மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தாழ்வாரத்தில் பிளக் கிடையாது, அதனால் பம்ப் வைக்க வழியில்லை. ஆகவே கிராட்கி முறையை எடுத்துக்கொண்டேன். ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி வகுத்த முறை இது. மூடிய பெட்டியில் சத்துக் கரைசல், மூடியில் ஓட்டை, ஓட்டையில் வலைக்கிண்ணம், அதில் ஸ்பாஞ்சில் முளைத்த நாற்று. செடி குடிக்கக் குடிக்கக் கரைசல் இறங்கும், வேர் அதைத் தேடி நீளும். நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது தீயணைப்பு விதி. அளந்து பார்த்துச் சுவரோரமாக வரிசையாக வைத்தேன்.

நாற்றுகளைக் கிண்ணத்துக்கு மாற்றிய அன்று அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“மண்ணே இல்லாம வேர் எதைம்மா புடிச்சுக்கும்?”

சுட்ட களிமண் உருண்டை ஒன்றை அவர் கையில் வைத்தேன். “இதைப் புடிச்சுக்கும் அத்தை. சாப்பாடு தண்ணியில இருக்கு.” உருட்டிப் பார்த்துவிட்டு, “அப்போ இது சும்மா நிக்கிறதுக்கு மட்டும்தானா” என்றார். அதேதான்.

உரம் ஏ, பி என்று இரண்டு பாட்டிலாக வரும். இரண்டையும் நேராக ஒன்றோடு ஒன்று ஊற்றக் கூடாது. ஏ-யில் இருக்கும் கால்சியம், பி-யில் இருக்கும் சல்பேட், பாஸ்பேட்டோடு சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும். அப்புறம் அது செடிக்கு உதவாது. முதலில் தண்ணீர், பிறகு ஏ, நன்றாகக் கலக்கி, பிறகு பி. இ.சி. (கரைசலில் உரத்தின் அடர்த்தியைக் காட்டும் அளவு) 1.6, பி.எச். (அமில, கார அளவு) 6 என்று வைத்தேன். பத்து நாளில் செடிகள் விரல் உயரம் வந்துவிட்டன.

19ஆம் நாள் காலையில் முதல் பெட்டியின் கீரை துவண்டிருந்தது. கரைசல் முக்கால் பங்கு இருக்கிறது, பின் ஏன் வாட்டம்? மூடியைத் தூக்கினேன். சாக்கடை வாடை. வெள்ளையாகத் தொங்க வேண்டிய வேர்கள், வெந்து குழைந்த சேமியா மாதிரி பழுப்பாக ஒட்டிக் கிடந்தன. ஒரு வேரை இரண்டு விரலால் மெல்ல உருவினேன். மேல்தோல் வழுவழுவென்று கழன்று கையோடு வந்துவிட்டது, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சியது. பித்தியம் என்னும் நோய்க்கிருமியால் வரும் வேரழுகலின் அடையாளம் அது.

அன்று 11 மணிக்குச் சமையல் தெர்மாமீட்டரைக் கரைசலில் விட்டால் 35 டிகிரி! கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி, கிழக்கு பார்த்த தாழ்வாரம். நம் ஊரில் உச்சி வெயிலே 1 மணியை ஒட்டித்தான், அதனால் 11 மணி என்பது இன்னும் காலை வெயில் கணக்குதான். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 35 டிகிரியில் அது 7 அளவுக்குக் குறைந்துவிடும். அதே சூட்டில் வேருக்கு மூச்சு வாங்குவதும் கூடுகிறது. தேவை ஏற ஏற இருப்பு இறங்குகிறது. அந்த நேரம் பார்த்துப் பித்தியம் நுழைகிறது.

ஈரச்சந்தைக் காய்கறிக் கடை அங்கிளிடம் கேட்டு இரண்டு தெர்மாகோல் பெட்டி வாங்கி வந்தேன், காசு வேண்டாம் என்றுவிட்டார். வெளிச்சம் உள்ளே போனால் பாசி பிடிக்கும், ஆகவே சுற்றிலும் அலுமினியத் தாள் ஒட்டினேன். கிண்ணம் இறுக்கமாக உட்காரும்படி ஓட்டையைச் சற்றுச் சிறிதாகவே வெட்டினேன். இடைவெளி இருந்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும், அதில் சமரசமே கிடையாது. அதே இடம், அதே 11 மணி. இந்த முறை 29 டிகிரி.

லெட்டூஸ் ஏன் போடவில்லை என்று அலுவலகத் தோழி கேட்டாள். லெட்டூஸ் வேருக்கு 29-கூட அதிகம். தேசியக் கல்விக் கழகத்தின் பேராசிரியர் லீ சிங் கோங் 1990களிலேயே இங்கே லெட்டூஸ் வளர்த்துக் காட்டியிருக்கிறார். இலை வெக்கையிலேயே நிற்க, வேர்ப்பகுதியை மட்டும் குளிர்வித்துச் செய்த வேலை அது. அந்த வசதி என் தாழ்வாரத்தில் இல்லை. முளைக்கீரை வெக்கையின் பிள்ளை, அதை நம்பலாம்.

இரண்டாவது பெட்டியில் செய்த தவறு வேறு. 41ஆம் நாள் ஊருக்குப் போவதற்கு முன், ‘இரண்டு நாள் தாங்கட்டும்’ என்று கரைசலை மூடி வரை நிரப்பினேன். ஜொகூரிலிருந்து திரும்பி வந்தால் கீரை தலை தொங்கி நிற்கிறது. மூடியைத் தூக்கி வேரைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. கரைசலில் மூழ்கி வளர்ந்த வேர் வழவழப்பாக, நீளமாக இருந்தது. மேலே காற்றில் வளர்ந்த வேர் அப்படியில்லை. குட்டையாக, குறுக்காகப் படர்ந்து, மேலெல்லாம் பஞ்சு போல வெள்ளை மயிரிழை. செடிக்குக் காற்று வாங்கித் தருவது இந்த வேர்தான். இதைத்தான் நான் முக்கி வைத்திருந்தேன். ஒரு கோப்பையால் மொண்டு நாலு விரல் இடைவெளி வரும் வரை இறக்கினேன். எட்டுச் செடியில் நான்கு எழுந்தன.

இப்போது பெட்டியின் பாதிக்கு மேல் நிரப்புவதே இல்லை. வெக்கையில் செடி உரத்தைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் குடிக்கிறது, மிச்சக் கரைசலின் இ.சி. ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே பாதி அடர்த்திக் கரைசலைத்தான் சேர்க்கிறேன். ஒருமுறை பி.எச். 7.3க்கு ஏறி, புதுக் கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. இரும்புச் சத்து கரைசலில் இருந்தும் செடிக்கு எட்டவில்லை. பி.எச். இறக்கும் அமிலம் சில சொட்டு விட்டேன். அடுத்து வந்த கொழுந்து பச்சை.

கறிவேப்பிலைக்குக் கரைசல் பெட்டி சரிவராது என்று தோன்றியது. தேங்காய் நார்த்தூளில் பெர்லைட் (பொரித்த லேசான வெள்ளைக் கல்) கலந்து துணிப்பையில் வைத்தேன். நார்த்தூள் 650 கிராம் கட்டியாக வந்தது, உறையில் பொள்ளாச்சி என்று பார்த்ததும் ஒரு சந்தோஷம். அந்தத் தூளில் உப்பு இருக்கும், அப்படியே போடக் கூடாது. முதல் கழுவலில் தண்ணீர் கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) நிறத்தில் வந்தது. மூன்று முறை அலசி, கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஓரிரவு ஊறவைத்த பிறகுதான் கன்றை நட்டேன். ஆறு வாரமாகச் சும்மா நின்ற கன்று, போன திங்கட்கிழமை இரண்டு கொழுந்து விட்டிருக்கிறது.

மூன்றாவது பெட்டியில் இன்று காலை 310 கிராம் கீரை. அடியில் இரண்டு கணு விட்டுக் கிள்ளியிருக்கிறேன், பக்கத்திலிருந்து துளிர்க்கும். காலியான கிண்ணங்களில் அத்தை வெந்தயம் போடச் சொல்கிறார். நேற்றிரவே ஊறப்போட்டுவிட்டார்.